ஒரே செங்கழுகு, நான்கு ஊர்த் தையல்: போர்க்காலத் துணி பேட்ஜை எப்படி அடையாளம் காண்பது

இரண்டாம் உலகப் போரில் 4வது இந்திய டிவிஷன் என்ற பெரும் படைப்பிரிவு சட்டையில் தைத்துக்கொண்ட அடையாளம் ஒரு சிவப்புக் கழுகு. கறுப்பு அல்லது கருநீலச் சதுரத் துணி, நடுவில் சிறகு விரித்த பறவை, அவ்வளவுதான். இந்த டிவிஷன் 1939இல் எகிப்தில் உருவானது. 1941இல் எரித்ரியாவின் கெரன் மலையில் சண்டையிட்டது. பிறகு லிபியப் பாலைவனம், 1943இல் துனீசியா, 1944இல் இத்தாலியின் கசீனோ, அந்த ஆண்டுக் கடைசியில் கிரீஸ். போன இடமெல்லாம் சட்டை கிழிந்தது, புதுச் சட்டை வந்தது, அதற்குப் புது பேட்ஜும் வேண்டியிருந்தது. இந்தியாவில், கெய்ரோவில், இத்தாலிய ஊர்களில், இங்கிலாந்து ஆலைகளில் எனக் கிடைத்த இடத்தில் செய்துகொண்டார்கள். இன்று பத்துச் செங்கழுகுகளை மேசையில் பரப்பினால் பத்தும் ஒன்றுபோல இருக்காது. ஒன்று கழுகு மாதிரி இருக்கும், இன்னொன்று கோழி மாதிரி இருக்கும். கோழி மாதிரி இருப்பதே போலி என்று முடிவு கட்டுவதுதான் புதிதாகச் சேகரிக்க வருபவர் செய்யும் முதல் தவறு.

இந்தக் கழுகுக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. டிவிஷனின் பொறியாளர் பிரிவுகளில் மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் கம்பெனிகளும் இருந்தன. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மின்யானோ அருகே வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் தன் உடம்பைப் போட்டு உடனிருந்தவர்களைக் காப்பாற்றி, இறந்த பின் ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது பெற்ற சுபேதார் சுப்ரமணியன் அந்தப் படைப்பிரிவைச் சேர்ந்தவர். காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ்ஒட்டிவாக்கத்துக்காரர். தமிழ்நாட்டு வீடுகளின் பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து இப்படி ஒரு துணித் துண்டு வெளிப்பட்டால் ஆச்சரியப்பட ஏதுமில்லை.

ஒரு பேட்ஜைக் கையில் எடுத்ததும் இரண்டு கேள்விகள் எழும்: எங்கே செய்தது, எப்போது செய்தது? பெரும்பாலான குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டு வதக்குவதால் வருவது. செய்முறை பெரும்பாலும் இடத்தைச் சொல்லும், காலத்தை அவ்வளவாகச் சொல்லாது. நூல், துணி, பின்புற அட்டை ஆகிய பொருள்கள் காலத்தைச் சொல்லும். இடத்தை அரைகுறையாகத்தான் சொல்லும். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்து, கடைசியில்தான் சேர்க்க வேண்டும்.

பின்புறத்திலிருந்து தொடங்குங்கள்

முன்பக்கம் பார்ப்பவருக்காகச் செய்தது; போலி செய்பவரும் உழைப்பை எல்லாம் அங்கேதான் போடுவார். பின்பக்கம் வேலை நடந்த இடம். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லூப், ரூபாய் நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச், முனை மெல்லிய இரும்பு இடுக்கி, வெள்ளைப் பீங்கான் தட்டு, மெழுகுவத்தி, நல்ல பகல் வெளிச்சம். இவ்வளவு கருவி போதும்.

முதலில் இது அச்சா, நெசவா, எம்பிராய்டரியா, துணி வெட்டி ஒட்டுத் தையல் போட்டதா என்று பிரித்துக்கொள்ள வேண்டும். அச்சில் நூல் மேடு கிடையாது. நிறம் நெசவின் மேல் படிந்திருக்கும், பின்புறம் அதன் சாயல் மங்கலாகத் தெரியும். நெசவில் படமே பாவும் ஊடையுமாக உருவாகியிருக்கும். பின்புறம் அதே படம் நிறம் புரண்டு தெரியும், அல்லது நீளநீளமாக நூல் மிதக்கும். ஜெர்மனியின் வூப்பர்டால் நகரத்து ஜக்கார்டு தறிகளில் நெய்த பேட்ஜுகள் இந்த வகைக்குப் பேர்போனவை. எம்பிராய்டரி என்றால் அடுத்த கேள்வி: என்ன தையல்?

சங்கிலித் தையலில் முன்புறம் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிய வளையங்கள் தெரியும், பின்புறம் வெறும் ஓட்டத் தையல் போல ஒற்றை வரி ஓடும். ஒரே நூல்தான், முடிவு முனையைப் பிடித்து இழுத்தால் சடசடவென்று பிரிந்துவரும் (இழுத்துப் பார்க்காதீர்கள்). கல்யாண ரவிக்கைக்கு ஆரி ஒர்க் போடும் கடையில் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் கீழிருந்து நூலை மேலே எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள்; அதே தையல்தான். இதையே கைப்பிடி சுழற்றிச் செய்யும் இயந்திரமும் உண்டு. 1865இல் பிரான்சில் போனாஸ் காப்புரிமை பெற்று, கோர்னெலி என்ற பெயரில் உலகெங்கும் விற்றது அது. கையால் போட்டதில் வளைய நீளம் கொஞ்சம் கூடும், குறையும். இயந்திரத்தில் சீராக இருக்கும், ஆனால் வளைவுகளில் திரும்பும்போது நெருங்கிவிடும்.

தையல் மெஷினில் போட்டதில் மேல்நூல், பாபின் நூல் என இரண்டு இருக்கும். சாதாரண சிங்கர் மெஷினில் துணியைக் கையால் நகர்த்தி நிரப்பியிருந்தால் தையல் திசை அங்கங்கே அலையும்; மேல் இறுக்கம் தப்பிய இடத்தில் பாபின் நூல் முன்புறம் புள்ளி புள்ளியாக எட்டிப்பார்க்கும். ஆலையில் நூற்றுக்கணக்கான ஊசிகள் ஒரே நேரத்தில் இறங்கும் ஸ்விஸ் வகை இயந்திரம் என்றால் கதையே வேறு. ஐசக் க்ரோப்லி 1863இல் உருவாக்கிய ஷிஃப்லி இயந்திரம் அந்த வம்சத்தின் மூத்தது. அடிநூலைக் கொண்டு ஓடும் அதன் நாடா சின்னப் படகு போல இருப்பதால் அந்தப் பெயர். அதில் செய்த இரண்டு பேட்ஜுகளைப் பக்கத்தில் வைத்தால் கழுகின் மூக்கில் விழுந்த பிழைகூட இரண்டிலும் அதே இடத்தில் இருக்கும். கைவேலையில் இப்படி நடக்காது.

இங்கிலாந்து: கம்பளியிலிருந்து அச்சுக்கு

முதல் உலகப் போரில் பயன்பட்டு, பிறகு கைவிடப்பட்ட டிவிஷன் அடையாளங்களை பிரிட்டிஷ் ராணுவம் 1940இல் மறுபடி அனுமதித்தது. தொடக்கத்தில் செய்தவை பெரும்பாலும் ஃபெல்ட் அல்லது செர்ஜ் கம்பளித் துணியில் இயந்திர எம்பிராய்டரி. பின்புறம் கறுப்பு அல்லது வெள்ளை வலைத்துணி, பக்ரம் என்ற விறைப்புத் துணி, அல்லது பசை போட்டு ஒட்டிய தாள் இருக்கும். ஆனால் கம்பளி, நூல், ஆள் எல்லாமே போரில் பற்றாக்குறை. அதனால் பருத்தி ட்ரில் துணியில் படத்தை அச்சடித்து, வெட்டி, ஓரம் மடித்துத் தைத்துக்கொள்ளும் பேட்ஜுகள் பெருகின. இங்கிலாந்தில் செய்த போர்க்கால பேட்ஜுகளில் மிக எளிதாகக் கிடைப்பவை இந்த அச்சு வகைதான். அழகில்லை என்று பலர் ஒதுக்குகிறார்கள். ஒதுக்க வேண்டியதில்லை. தைக்கப்படாத அச்சு பேட்ஜ் என்றால் ஓரத்தில் மடிப்புக்காக விட்ட துணி இருக்கும், நாலு பக்கமும் வெட்டுக் கோடு சரியாக இராது. பயன்படுத்தியது என்றால் மடிப்புக்குள் மறைந்த பகுதியில் நிறம் புதுசாகவும், வெளியே வெளுத்தும் இருக்கும். இந்த வேறுபாட்டைச் செயற்கையாக உண்டாக்குவது கடினம்.

சில அச்சு பேட்ஜுகளின் பின்னால் மான்செஸ்டரின் காலிகோ பிரிண்டர்ஸ் அசோசியேஷன் முத்திரையைக் காணலாம். இங்கே ஒரு வேடிக்கை. அதே நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில்தான் 1941இல் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் பாலியெஸ்டர் இழையைக் கண்டுபிடித்தார்கள். அது டெரிலீன் என்ற பெயரில் ஜவுளிச் சந்தைக்கு வந்தது 1950களில். போர்க்கால பேட்ஜை அச்சடித்த நிறுவனமே, எண்பது ஆண்டு கழித்துப் போலி பேட்ஜைக் காட்டிக்கொடுக்கும் இழையையும் பெற்றெடுத்தது.

இந்தியா: டோபிக்குப் பயந்த பேட்ஜ்

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே வீரர் போட்டது கம்பளிச் சட்டை அல்ல, காக்கி ட்ரில் சட்டை. சென்னையில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை இந்தக் காக்கித் துணிக்கு நீண்டகாலமாகப் பெயர் வாங்கியது. வேர்வையில் ஊறிய சட்டை டோபியிடம் போகும், கல்லில் அடிபடும், கஞ்சியில் முங்கும், கரிப்பெட்டியில் தேய்படும். பேட்ஜை நிரந்தரமாகத் தைத்துவிட்டால் நாலு சலவையில் கழுகின் சிவப்பு சட்டைக்கு வந்துவிடும். ஆகவே இந்தியாவில் செய்த பேட்ஜுகளில் கழற்றி மாட்டும் ஏற்பாடு அதிகம்: பின்னால் பிரஸ் பட்டன், கொக்கி, நூல் வளையம், அல்லது தோள்பட்டையில் செருகும் துணிக்குழாய். பிரஸ் பட்டன் பழசானால் துணியில் துரு அல்லது பச்சை வளையம் விட்டிருக்கும். அந்தக் கறை துணி இழைக்குள் ஊறியிருக்க வேண்டும். பட்டன் மட்டும் துருப்பிடித்துத் துணி சுத்தமாக இருந்தால், பழைய பட்டனைப் புதுத் துணியில் தைத்திருக்கிறார்கள்.

படையின் ஒப்பந்தக்காரரிடமும், கண்டோன்மென்ட் பஜார் தையல்காரரிடமும் இந்த வேலை நடந்தது. பருமனான பருத்தி நூலில் சங்கிலித் தையல், அடியில் காக்கி ட்ரில்லோ கம்பளித் துண்டோ, விறைப்புக்கு உள்ளே தாள். சிலவற்றில் அந்தத் தாள் செய்தித்தாளாகவே இருக்கும். உருதுவா, வங்காளமா, ஆங்கிலமா என்று பார்த்தால் ஊர் தெரிந்துவிடும். தேதி கிடைத்தால் அதிர்ஷ்டம். தையலைப் பிரித்து உள்ளே பார்க்க ஆசை வரும், வேண்டாம். பழைய தையல் ஓட்டை ஒன்றின் வழியே, பின்னாலிருந்து பலமான விளக்கை அடித்துப் பார்த்தாலே எழுத்து தெரியும்.

தைத்தவர் மாதிரிப் படத்தை ஓர் அதிகாரியின் பென்சில் கோட்டிலிருந்தோ, இன்னொரு பேட்ஜிலிருந்தோ எடுத்தார். பர்மாப் போர்முனையின் டிவிஷன்களைப் பாருங்கள்: 17வதுக்குக் கறுப்புப் பூனை, 23வதுக்குச் சேவல், 26வதுக்கு முக்கோணத்துக்குள்ளிருந்து பாயும் புலி, எதிரியின் பின்னால் ஊடுருவிய சிண்டிட் படைக்கு பர்மியக் கோயில் வாசலில் நிற்கும் சிந்தே என்ற சிங்க உருவம். பஜார்க் கைவேலையில் பூனை எலியாகும், சிந்தே நாயாகும். உருவம் பிசகுவது பஜார் வேலைக்கு இயல்பு. ஆனால் ஒரு விஷயத்தில் பிசகு அரிது. இரண்டு கைக்கும் தைக்கும் ஜோடியில் விலங்கு எப்போதும் முன்னோக்கிப் பார்க்கும்படி, ஒன்று இடம் ஒன்று வலமாகச் செய்வது வழக்கம். ஒரே பக்கம் பார்க்கும் இரண்டைச் சேர்த்து ‘அசல் ஜோடி’ என்று யாராவது விற்றால், அவை ஒருவர் சட்டையிலிருந்து வந்தவையா என்று கேட்க வேண்டும்.

அடையாளம் எப்போது வந்தது என்பதும் கணக்கில் சேரும். 17வது டிவிஷன் முதலில் போட்டது மின்னல் கீற்று. கறுப்புப் பூனை 1943இல்தான் வந்தது. பர்மாவில் போரிட்ட 14வது ராணுவம் என்ற அமைப்பே 1943 கடைசியில் தோன்றியது. ‘1942 பர்மா பின்வாங்கலில் அணிந்த கறுப்புப் பூனை’ என்ற விற்பனைக் கதையை முறிக்க லூப் தேவையில்லை.

அமெரிக்கர்களையும் விட்டுவிடக் கூடாது. சீனா, பர்மா, இந்தியப் போர்முனையில் இருந்த அவர்களின் கேடய பேட்ஜில் கீழே சிவப்பு வெள்ளைப் பட்டைகள், மேலே நீலத்தில் சீனச் சூரியனும் ஒரு நட்சத்திரமும். இதை இந்தியத் தையல்காரர்கள் பருத்தியில், பட்டில், தோலில், ஜரிகையில் எல்லாம் செய்துகொடுத்தார்கள். அமெரிக்காவில் செய்ததோ முழுப் பரப்பையும் இயந்திரம் பருத்தி நூலால் நிரப்பி, பிறகு ஓரமாக வெட்டியது. ஓரத்தில் நூல் பிசிறு தெரியும். இன்றைய பேட்ஜுகளில் காணும் தடித்த ஓவர்லாக் விளிம்பு, முடியும் இடத்தில் சின்ன வால் விடுவது, 1960களுக்குப் பிறகு பரவியது. அந்த விளிம்போடு ‘1944’ என்று வந்தால் அடுத்த பேச்சு வேண்டியதில்லை.

ஜரிகை

இதில் தமிழ் வாசகருக்கு இயல்பாகவே ஒரு பிடி இருக்கிறது. பட்டுச் சேலை ஜரிகையைச் சோதிக்கத் தெரிந்தவர் ஜரிகை பேட்ஜையும் சோதிக்கலாம். நல்ல ஜரிகையில் நடுவே பட்டு அல்லது பருத்தி இழை, அதன்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி சுற்றியிருக்கும், அதற்குமேல் தங்க முலாம். காஞ்சிபுரத்தில் உள்ளே சிவப்புப் பட்டு. பேட்ஜில் இதோடு, சுருள் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி ஊசியில் கோத்துத் தைக்கும் ஜர்தோசி வேலையும் சேரும். வெள்ளி சார்ந்தது கறுக்கும். செம்பு, பித்தளை சார்ந்தது பச்சை பூக்கும். இரண்டும் நியாயமான முதுமை. பிளாஸ்டிக் படலத்தில் உலோகப் பூச்சு போட்ட இன்றைய ஜரிகை கறுக்காது, பூக்காது. தேய்ந்த இடத்தில் பூச்சு உரிந்து கண்ணாடி போலத் தெரியும். லூப்பில் அறுந்த முனை ஒன்றைத் தேடிப் பாருங்கள். உலோகக் கம்பி சுருண்டு நிற்கும், படலம் நாடா மாதிரித் தொங்கும். கறுத்த ஜரிகையைப் பளபளப்பாக்க நினைத்துப் பல்பொடி, புளி என்று இறங்குபவர்கள் உண்டு. முலாம் போய்விடும், ஈரம் துணிக்குள் இறங்கிச் சிவப்பு கசியும், பேட்ஜின் வயதைச் சொன்ன ஒரே சாட்சியும் போய்விடும்.

கெய்ரோவும் இத்தாலியும்

எகிப்து வேலைக்கு ஒட்டுத் தையல் ஓர் அடையாளம். கெய்ரோவில் கூடாரக்காரர் தெரு என்றே ஒன்று உண்டு. நிறத் துணிகளை வெட்டி அடித்துணிமேல் வைத்து, விளிம்பை உள்ளே தள்ளி நுணுக்கமாகத் தைப்பது அங்கே தலைமுறைத் தொழில். இந்தக் கைப்பழக்கம் உள்ள ஊரில், கழுகைச் சிவப்பு ஃபெல்ட்டில் வெட்டி, கறுப்புத் துணியில் வைத்துத் தைத்துவிடுவது எம்பிராய்டரியைவிட வேகமான வேலை. கண், சிறகின் கோடு போன்றவை மட்டும் நூலில் இருக்கும். ஆனால் ஒட்டுத் தையல் எல்லாமே கெய்ரோ ஆகிவிடாது. இந்திய பஜாரிலும் எளிய வடிவங்களுக்கு அதைச் செய்தார்கள். 5வது இந்திய டிவிஷனின் சிவப்பு உருண்டைக்கு வட்டமாக ஒரு துணி வெட்டத் தெரிந்தால் போதுமே. துணி தரம், நூல் பருமன், பின்புற முடிச்சு என்று இன்னும் இரண்டு சான்றாவது ஒரே திசையைக் காட்டாமல் ஊர்ப்பெயர் சொல்லக் கூடாது.

இத்தாலியில் செய்தவை பொதுவாக நேர்த்தியானவை. அடியில் பஞ்சு அல்லது நூல் திண்டு வைத்து மேலெழுப்பிய உருவம், நெருக்கமான சாட்டின் தையல், பின்னால் மெல்லிய வெள்ளைத் துணி, சிலவற்றில் உலோகக் கம்பி விளிம்பு. நூலில் பட்டுப் பளபளப்பு தெரியும். அது பல நேரம் பட்டு அல்ல, ரேயான். இத்தாலி 1930களில் உலகின் பெரிய ரேயான் உற்பத்தி நாடுகளில் ஒன்று. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: பளபளக்கிறதே, அப்படியானால் நவீன பாலியெஸ்டர் என்று நல்ல இத்தாலியக் கழுகைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

பொருள் சோதனை

புற ஊதா டார்ச் முதலில். இருட்டறையில் முன், பின், ஓரம் மூன்றையும் பாருங்கள். சாயமிடாத பழைய பருத்தி மங்கிய பாலேடு நிறமாகத் தெரியும். கம்பளியும் பட்டும் இயல்பாகவே கொஞ்சம் நீலச் சாயல் காட்டும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். வெள்ளை நூல் பளீரென்று நீலவெள்ளையாக எரிந்தால் அதில் ஒளியூட்டும் ரசாயனம் இருக்கிறது. அது ஜவுளியிலும் சலவைத்தூளிலும் பரவலானது போருக்குப் பிறகு.

ஆனால் ‘எரிகிறது, எனவே போலி’ என்று எழுதிவிடக் கூடாது. 1990இல் அந்த வீட்டுப் பேத்தி டிரங்குப் பெட்டிச் சட்டையைச் சலவைத்தூளில் ஒரு முறை ஊறவைத்திருந்தாலும் பேட்ஜ் எரியும். எப்படிப் பிரிப்பது? சலவையில் ஏறிய ஒளி பரப்பு முழுக்கச் சமமாக, சட்டைத் துணியிலும் சேர்ந்தே இருக்கும். நெருக்கமான தையலுக்கு அடியில் குறையும். நூலிலேயே இருந்தால் அந்த ஒரு நிற நூல் மட்டும், மறைந்த அடிப்பகுதி வரை, சுள்ளென்று எரியும். பழைய வெள்ளைத் துணிக்குப் போட்ட சலவை நீலம் இப்படி எரியாது. நெசவுக் கண்களில் நீலத் துகளாகத் தங்கியிருக்கும். அது இருந்தால் நல்லது.

அடுத்தது நெருப்பு. முன்புறத்தில் கை வைக்கவே கூடாது. பின்னால் தானாகத் தொங்கும் பிசிறிலிருந்து அரை சென்டிமீட்டர் போதும். அடித்துணி, எம்பிராய்டரி நூல், பேட்ஜைச் சட்டையில் இணைத்த நூல், மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். இடுக்கியில் பிடித்துத் தீயின் பக்கவாட்டில் மெல்லக் கொண்டுபோங்கள். பருத்தி சட்டென்று பற்றும், தீ அணைந்தபின் கங்கு ஊரும், தாள் எரிந்த வாசம், ஊதினால் பறக்கும் சாம்பல். கம்பளியும் பட்டும் தீயைவிட்டு எடுத்ததும் அணையப் பார்க்கும். முடி கருகிய நாற்றம், விரலில் நசுக்கினால் பொடியாகும் கறுப்பு உருண்டை. பாலியெஸ்டர் சுருங்கி உருகும், கரும்புகை விடும், ஆறியபின் நகத்தாலும் நசுக்க முடியாத மணி நிற்கும். ரேயான் பருத்தி மாதிரியேதான் எரியும். ஆகவே இத்தாலியக் கழுகு இந்தச் சோதனையில் தப்பித்துவிடும். பருத்தியா ரேயானா என்று தெரிய வேண்டுமானால் இன்னொரு பிசிறை நனைத்து இழுங்கள். ரேயான் ஈரத்தில் ஏறக்குறைய பாதி வலு இழக்கும், லேசாக இழுத்தாலே அறும். பருத்தி நிற்கும்.

சட்டையில் இணைத்த நூல் மட்டும் பாலியெஸ்டர் என்றால் பேட்ஜைக் குறை சொல்லாதீர்கள். யாரோ பிற்காலத்தில் எடுத்து மறுபடி தைத்திருக்கிறார்கள், அவ்வளவே. அந்தச் சட்டையில்தான் அது முதலில் இருந்தது என்ற கோரிக்கை மட்டும் விழுந்துபோகிறது.

பின்புறத்தில் நெசவே இல்லாமல், கிழித்தால் இழை இழையாகப் பிரியும் பஞ்சுத் தாள் போன்ற கேன்வாஸ் ஒட்டியிருந்தால் அது இன்றைய கம்ப்யூட்டர் எம்பிராய்டரி. அதில் தையல் கோணம் ஒரே சீராக ஓடும், மேல் தையலுக்கு அடியில் குறுக்கே ஓர் அடித்தையல் வலை தெரியும், நிறம் மாறும் இடத்தில் நூல் கச்சிதமாக வெட்டப்பட்டிருக்கும். போர்க்கால பஜார்க்காரர் ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு நூலை வெட்டாமல் பின்னாலேயே தாண்டிவிடுவார்.

முதுமையை நடிப்பது எளிது. சரியாக நடிப்பது கடினம். தேநீரில் தோய்த்த துணி முன்னும் பின்னும் ஒரே பழுப்பாக இருக்கும். மடிப்பின் உள்ளேயும் பழுப்பு, வாசமும் போகாது. பூச்சி இன்னும் நேர்மையான சாட்சி. அந்துப்பூச்சிப் புழு கம்பளியைத் தின்னும், பருத்தி நூலை விட்டுவிடும். அசல் ஃபெல்ட் பேட்ஜில் அடித்துணி ஓட்டையாகி, அதன்மேல் போட்ட பருத்தித் தையல் பாலம் போலத் தொங்குவதைப் பார்க்கலாம். துணியும் நூலும் சேர்ந்து ஒரே வட்டமாகப் போயிருந்தால் அது பூச்சி அல்ல, ஊதுவத்தி. நம் ஊர் ஈரத்தில் பசையையும் தாளையும் மேய்வது வெள்ளி மீன் பூச்சி. தாளின் மேற்பரப்பை அது சுரண்டிய தடம் ஒழுங்கில்லாமல் அலையும்.

செய்முறை ஏமாற்றும் இடம்

சியால்கோட்டிலும் வாரணாசியிலும் ஜர்தோசி பேட்ஜ் வேலை இன்றும் நடக்கிறது. உலகம் முழுவதுக்கும் பள்ளிச் சின்னம், கிளப் சின்னம், ராணுவச் சின்னம் எல்லாம் போகின்றன. கேட்டால் செங்கழுகும் செய்துதருவார்கள். அதே சட்டம், அதே ஊசி, அதே கைவழி. கையால் செய்ததுதான், இந்தியத் துணைக்கண்டத்தில் செய்ததுதான் என்று லூப் சத்தியம் செய்யும். அது சொல்வதும் உண்மை. எண்பது ஆண்டு இடைவெளியை அதனால் காட்ட முடியாது. அதற்குத்தான் கம்பியும் நூலும் பின்துணியும்.

போலி என்று சொல்ல முடியாத, ஆனால் போர்க்காலமும் அல்லாத ஒரு பெரும் கூட்டமும் இருக்கிறது. 4வது டிவிஷன் 1947க்குப் பின் இந்திய ராணுவத்தில் தொடர்ந்தது. 1962இல் வடகிழக்கு எல்லையில் சீனர்களை எதிர்கொண்டது அதுதான், இன்றும் அதன் அடையாளம் செங்கழுகே. 17வதின் கறுப்புப் பூனையும் தொடர்கிறது. 7வதின் தங்க அம்பு பாகிஸ்தானுக்குப் போனது. 1950களில் செய்த செங்கழுகில் பாலியெஸ்டர் இருக்காது, கேன்வாஸ் தாள் இருக்காது, பருத்தி நூலில் அதே பஜார் கைவேலையாக இருக்கலாம். டார்ச்சும் தீயும் லூப்பும் அதை நிறுத்தாது. பொருள் சோதனை ‘இது போர்க்காலத்ததல்ல’ என்று அடித்துச் சொல்லும். ‘போர்க்காலத்தது’ என்று ஒருபோதும் சொல்லாது. அந்தக் கடைசி அடியைக் கடக்க பேட்ஜுக்கு வெளியே உள்ள சான்று வேண்டும்: தேதியிட்ட பிரிட்டிஷ் செர்ஜ் மேலாடையில், ஒரே ஒரு வரிசை ஊசித் துளையோடு அது இன்னும் தைத்திருப்பது, அணிந்தவரின் சேவைப் புத்தகம், டிவிஷன் இத்தாலியில் இருந்தபோது எடுத்த புகைப்படம். துளைகளை எண்ணிப் பாருங்கள். சட்டைத் துணியில் துளை வரிசை இரண்டு, பேட்ஜில் ஒன்று என்றால், இது அந்த இடத்துக்கு வந்த இரண்டாவது ஆள்.

வைப்பதில் இரண்டு சொல். ஒட்டும் பக்கம் உள்ள போட்டோ ஆல்பத்திலும், பிவிசி உறையிலும் வைக்க வேண்டாம். பசை மஞ்சளாகி இறங்கும், பிவிசி வியர்க்கும். கஞ்சி போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம், கஞ்சி பூச்சிக்கு விருந்து.

ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன அட்டை எழுதி வையுங்கள், கண்டதை மட்டும்: ‘சிவப்புப் பருத்தி நூல், கைச் சங்கிலித் தையல், காக்கி ட்ரில் அடித்துணி, உள்ளே தாள், பின்னால் இரண்டு பிரஸ் பட்டன், துருக்கறை துணியில் ஊறியது, புற ஊதாவில் ஒளி இல்லை. இந்திய வேலை. பாலியெஸ்டர் இல்லை.’ ஆண்டு என்ற இடத்தைப் பென்சிலில் விட்டு வையுங்கள்.